நூலகர் பதில்கள்: பின்னட்டையை நம்பலாமா?

(ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் வசிக்கும் நம் நூலகர் பதில் சொல்லும் பகுதி. புத்தகத் திருவிழா முடிந்த கையோடு வந்த கடிதங்கள் என்பதால், இம்முறை கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன.)

அக்கா, புத்தகத் திருவிழாவில் 450 ரூபாய் கொடுத்து ஒரு நாவல் வாங்கினேன். பின்னட்டையில் ஐந்து எழுத்தாளர்கள் ஆகா, ஓகோ என்று எழுதியிருந்தார்கள். முப்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். புத்தகத்துக்குச் செவுள் எங்கே இருக்கிறது?
— கருவாட்டு வியாபாரி, பாம்பன்

தம்பி, பாம்பன் கரையில் ஏலம் கூறுகிறவரின் தொண்டையை நம்பி நீங்கள் ஒரு கூடை மீனாவது எடுத்ததுண்டா? பின்னட்டையில் அச்சாகியிருப்பது ஏலம் கூறல். காதில் வாங்கிக்கொள்ளலாம், பணத்தை எடுக்க அது போதாது.

அந்த ஐந்து பாராட்டுகளும் அங்கே எப்படி வந்து சேர்கின்றன என்று தெரிந்தால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியும். தமிழில் புதிய புத்தகங்களில் பெரும்பகுதி ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்து அச்சாகிறது. டிசம்பரில், அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும் நேரத்தில்தான் பின்னட்டை காலியாக இருப்பது பதிப்பாளர் கண்ணில் படும். மூத்த எழுத்தாளர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும்: ‘அண்ணா, நான்கு வரி போதும். நாளை மாலைக்குள் கிடைத்தால் நல்லது.’ அவருக்கு அதே வாரத்தில் அதே மாதிரி இன்னும் பல கோப்புகள் வந்து கிடக்கும். முந்நூறு பக்கத்தை ஓர் இரவில் யார் படிப்பது? முதல் அத்தியாயத்தைப் புரட்டுவார். எழுதியவர் நல்ல பையன், கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவன் என்று நினைத்துக்கொள்வார். நான்கு வரி போய்விடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை. ஒரு பெரியவர் ஓர் இளைஞரை வாழ்த்தியிருக்கிறார். வாழ்த்தைத் தீர்ப்பு என்று எண்ணி நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள்.

பெயர் போடாத பத்தி ஒன்றும் அங்கே இருந்திருக்குமே? அதைப் பெரும்பாலும் நூலாசிரியரே எழுதியிருப்பார், இல்லாவிட்டால் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவர் எழுதியிருப்பார். ‘இவரது எழுத்து தனித்துவமானது’ என்று ஒருவர் தன்னைப் பற்றியே படர்க்கையில் எழுதிக்கொள்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

நம் முன்னோர் இதில் நம்மைவிட வெளிப்படையாக இருந்தார்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது அந்தக் காலத்து அணிந்துரை, சொல்லத் தகுந்தவர் யார் என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பட்டியலே கொடுத்துவிட்டார்: நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். நால்வருமே வேண்டியவர்கள்! தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரையும் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்றுதான் மரபு சொல்கிறது. ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்பதால், வேண்டியவர் வந்து புகழட்டும் என்று ஏற்பாடு. ஆனால் பவணந்தியார் அத்தோடு விட்டுவிடவில்லை. பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தார்: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள் (நூல் எதைப் பற்றியது என்பது), கேட்போர், பயன். புகழ்வதற்கு வருகிறவர் இந்த எட்டையும் சொல்ல வேண்டுமென்றால் நூலைப் படிக்காமல் முடியாது.

இப்போது உங்கள் நாவலின் பின்னட்டையை எடுத்து இந்த எட்டில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். பெயர் இரண்டும் இருக்கும். நுதலிய பொருள் பாதி இருக்கும். கேட்போர் என்ற இடத்துக்கு வந்ததும் பின்னட்டை ஊமையாகிவிடும். யாருக்காக எழுதிய புத்தகம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாங்கமாட்டார்களே என்ற பயம். நீங்கள் கேட்ட செவுள் அதுதான் தம்பி: இந்தப் புத்தகம் யாருக்கு? அதைச் சொல்லும் மதிப்புரை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த ஐந்து பாராட்டுகளையும் வீட்டில் இருக்கும் வேறொரு நாவலின் பின்னால் வைத்து வாசித்துப் பாருங்கள். ‘மண்ணின் மணம்’, ‘ரத்தமும் சதையுமான மனிதர்கள்’, ‘தமிழுக்கு முக்கியமான வரவு’ — எல்லாம் அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் புத்தகத்தைப் படிக்காமல் எழுதியிருக்கவே முடியாத வரி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கடையில் நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து இரண்டு பக்கம் வாசியுங்கள். முதல் பக்கம் வேண்டாம். அதை எழுத்தாளர் பலமுறை இழைத்திருப்பார். நூறாவது பக்கத்தில் அவர் களைத்துப்போய்த் தன் சுய ரூபத்தில் இருப்பார்.

450 ரூபாய் நாவலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஆகாதது உப்பூரில் ஒருவருக்கு ஆகும்.

கடலோர வாழ்க்கையை ‘அப்படியே’ காட்டுவதாக நகரத்து இதழ்களில் மதிப்புரை வரும் நாவல்களை வாங்கி வாங்கி ஏமாறுகிறேன். ஊர்ப் பெயரைத் தவிர எதுவும் நம் ஊராக இல்லை. மதிப்புரை எழுதுகிறவர்கள் எதையும் சரிபார்க்கவே மாட்டார்களா?
— பள்ளி ஆசிரியை, தொண்டி

எதை வைத்துச் சரிபார்ப்பார்கள் டீச்சர்? சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு நாவல், பெயர் வேண்டாம். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிற காலத்துக் கதை. கதாநாயகன் ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருக்கிறான். சித்திரைத் திருவிழாவுக்குப் போய்வந்த மறுநாள் கடலுக்குப் புறப்படுகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்த இரண்டு மாதமும் அடகுக்கடையில் கூட்டம் கூடுவதை அவர்கள்தானே பார்க்கிறார்கள். போகட்டும் என்றால், அவன் நாள் தவறாமல் போகிறான். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை வைத்திருப்பதும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பதும் அவனுக்குத் தெரியாது. ஆடி மாதத்தில் தென்கடல் அலையில்லாமல் கிடக்கிறது, அவனும் அவன் காதலியும் கரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் உட்கார்ந்து பேசினால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. அந்தப் பருவத்தில் அடங்கிக் கிடப்பது பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல். வாடைக்காலம் வந்தால் இது தலைகீழாக மாறும். ராமேஸ்வரம் தீவின் இரண்டு பக்கமும் தொழில் பார்க்கிறவர்கள் காற்றைப் பார்த்துப் பக்கம் மாற்றுவதே இதனால்தான்.

அந்த நாவலுக்கு வந்த மதிப்புரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘நுணுக்கமான கள ஆய்வு வியக்க வைக்கிறது.’ நாவலை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ. வியந்தவர் கடலைப் பார்த்தது மெரினாவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதிப்புரையைப் படிக்கும்போது நான் அதன் வாக்கியங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். மொழி எப்படி இருக்கிறது, எங்கே அலுப்புத் தட்டுகிறது, பாத்திரங்கள் பேசினால் ஆளுக்கு ஆள் குரல் மாறுகிறதா, முடிவு அவசரமாக இருக்கிறதா — இவையெல்லாம் படித்த எவருக்கும் தெரியக்கூடியவை. இதில் மதிப்புரைகாரரை நம்பலாம். ‘உள்ளது உள்ளபடி’, ‘அசலான வாழ்க்கை’, ‘ஆவணம்’ என்பவை, அந்த வாழ்க்கையை அறிந்தவர் மட்டும் சொல்லக்கூடியவை. மதிப்புரைகாரர் யார், எங்கே வளர்ந்தவர் என்று தெரியாதவரை இந்த இரண்டாவது வகையை அப்படியே கழித்துவிடுங்கள். தனுஷ்கோடியைப் பற்றி எத்தனை புத்தகங்கள் வந்துவிட்டன! 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் ரயிலைக் கடல் கொண்டுபோனது என்ற அளவில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். மதிப்புரைகாரர் தன் கையில் இருக்கும் புத்தகத்தின் எண்ணை எடுத்து எழுதிவிட்டு, ‘அரிய தகவல்கள்’ என்று ஒரு முத்திரையும் குத்திவிடுவார்.

ஆனால் டீச்சர், சித்திரையில் படகு விட்ட அந்த நாவலை நான் பிறகு பலருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அதில் கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும்போது, ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மாமியாரும் மருமகளும் ஒரே மூச்சில் ஒரே பொய்யைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. காற்றும் கிழமையும் தெரியாத அந்த எழுத்தாளருக்கு அந்த இரண்டு பெண்களையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மதிப்புரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கள ஆய்வை மெச்சியதைக்கூட மன்னிப்பேன், இதைத் தவறவிட்டதை மன்னிக்கமாட்டேன்.

ஏமாந்ததாகச் சொல்கிறீர்கள். அந்தந்த இதழுக்குப் பக்க எண்ணோடு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். அச்சிடுகிறார்களோ இல்லையோ, எழுத்தாளருக்கு அனுப்பிவைப்பார்கள். அடுத்த பதிப்பில் படகு ஜூன் 15க்குக் கிளம்பும்.

முன்னுரையை முதலில் படிப்பதா, கடைசியில் படிப்பதா?
— வாசகர், தேவிபட்டினம்

கதைப் புத்தகம் என்றால் கடைசியில். யார் சாகிறார் என்று மூன்றாவது பத்தியில் சொல்லிவிடும் பழக்கம் நம் அணிந்துரைகாரர்களுக்கு இருக்கிறது. கட்டுரை, வரலாறு என்றால் முதலில். ஆசிரியர் எதைச் சேர்க்கவில்லை என்பதை அங்கேதான் ஒப்புக்கொள்வார்.

அம்மா, இணையத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்குகிறேன். 4.7 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள் தோழிகள். சரியா?
— கல்லூரி மாணவி, கீழக்கரை

எத்தனை பேர் போட்ட 4.7, மகளே? தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் நட்சத்திரம் போட்டிருந்தால் அதிகம். அந்த முதல் பத்துப் பேர் யாராக இருக்கும்? எழுத்தாளரின் அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழர்கள், வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தியவர்கள். அந்நியர் வந்து சேர்வதற்குள் சராசரி உட்கார்ந்துவிடும்.

சில நேரம் எழுத்தாளரே அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருப்பார். 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டு, புனைபெயரில் மதிப்புரை எழுதியிருந்தவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்தன. தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த எழுத்தாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இது இணையம் கொண்டுவந்த வியாதி என்று நினைத்துவிடாதே. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, பெயர் போடாமல் தானே அதற்குப் பத்திரிகைகளில் மதிப்புரை எழுதினார். அதிலும் சாதாரணப் புகழ்ச்சி இல்லை, வஞ்சனையில்லாத புகழ்ச்சி. அவர் பெரிய கவிஞர்தான் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஒரு தரக் குறியீட்டை வெளியிட்டது, எண் ஐ.எஸ். 19000. மதிப்புரை எழுதுகிறவர் உண்மையான ஆளா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுதவைக்கக் கூடாது, பாதகமான கருத்தை அமுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. விரும்புகிறவர்கள் யார் என்று உனக்கே தெரியும்.

சரி, நட்சத்திரமே வேண்டாமா? வேண்டும், ஆனால் ஐந்தையும் ஒன்றையும் தள்ளிவிட்டு இரண்டும் மூன்றும் போட்டவர்கள் எழுதியதைப் படி. அவர்கள்தான் புத்தகத்தை ஓரளவு முழுதாகப் படித்து, மனத்தாங்கலோடு ஏதோ சொல்ல வந்தவர்கள். அவர்களுடைய குறை உனக்கு நிறையாக இருக்கலாம். ‘வட்டார வழக்கு அதிகம், புரியவில்லை’ என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தால், அந்த வட்டாரம் உன் வட்டாரமா என்று பார்த்து உடனே வாங்கு. ‘சமையலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், கீழக்கரைக்காரிக்கு அதைவிடச் சிறந்த சிபாரிசு உண்டா?

விருது வாங்கிய புத்தகத்தின் நட்சத்திரம் குறைந்தால் பதற வேண்டாம். பெரிய விருது கிடைத்தபின் புத்தகங்களின் வாசகர் மதிப்பெண் இறங்குவதை ஆய்வாளர்கள் இருவர் 2014இல் கணக்கெடுத்துக் காட்டினார்கள். புத்தகம் மாறவில்லை. அதுவரை அதைத் தேடி வந்தவர்கள் அதன் வாசகர்கள். விருதுக்குப் பிறகு வந்தவர்கள் விருதின் வாசகர்கள்.

சகோதரி அவர்களுக்கு வணக்கம். என் சம்பந்தி கவிதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவருகிறார். அணிந்துரை நான்தான் தர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். படித்துப் பார்த்தேன். அதற்குமேல் என்ன சொல்ல? என் மகள் அந்த வீட்டில் வாழ்கிறாள்.
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருப்புல்லாணி

ஐயா, மேலே பாம்பன் தம்பிக்குச் சொன்ன நன்னூல் பட்டியலைப் பாருங்கள். ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். சம்பந்தி இல்லை. இலக்கணம் இடம் தரவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பாருங்கள். தலைமை ஆசிரியர் சொன்னால் எடுபடும்.

எடுபடவில்லை என்றால் எழுதத்தான் வேண்டும். எழுதலாம், பொய் சொல்லாமலே எழுதலாம். எந்தத் தொகுப்பிலும் தேறக்கூடிய கவிதை ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து முழுதாக எடுத்துப் போடுங்கள், அரைப் பக்கம் நிரம்பிவிடும். அந்தக் கவிதை ஏன் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு பத்தி. தொகுப்பில் எதைப் பற்றியெல்லாம் பாடியிருக்கிறார் என்று ஒரு பத்தி. எந்த வயதில் எந்தச் சூழ்நிலையில் எழுதத் தொடங்கினார் என்று ஒரு பத்தி. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘மகாகவி’, ‘ஈடு இணையற்ற’ போன்ற சொற்களின் பக்கமே போகாதீர்கள். சம்பந்தி கவிதை எடுத்தாளப்பட்ட மகிழ்ச்சியில் இருப்பார். விவரம் தெரிந்த வாசகர், மற்ற கவிதைகளைப் பற்றி நீங்கள் பேசாததைக் கவனித்துக்கொள்வார். இருவருக்கும் நீங்கள் நேர்மையாக இருந்தீர்கள்.

கைப்பேசியில் மட்டும் கவனமாக இருங்கள். ‘அருமை’ என்று ஒரு சொல்லை மரியாதைக்காகத் தட்டிவிட்டால் அது உங்கள் பெயரோடு பின்னட்டைக்கு ஏறிவிடும். இதற்கும் விட்மன்தான் முன்னோடி. அன்று பெயர் பெற்றிருந்த அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் அவருக்குத் தனிப்பட்ட முறையில் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் அந்தக் கடிதத்தின் ஒரு வரி, எமர்சன் பெயரோடு, பொன்னெழுத்தில் இருந்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

என் முதல் சிறுகதைத் தொகுப்பை ஓர் இதழில் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். இனி யார் வாங்குவார்கள்?
— இளம் எழுத்தாளர், ராமநாதபுரம்

வாங்குவார்கள். நியூயார்க் டைம்ஸ் இதழில் வந்த மதிப்புரைகளையும் புத்தக விற்பனையையும் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வந்தது. பெயர் பெற்ற எழுத்தாளருக்கு மோசமான மதிப்புரை வந்தால் விற்பனை ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்திருக்கிறது. பெயர் தெரியாத எழுத்தாளருக்கு வந்தால் 45 சதவீதம் கூடியிருக்கிறது. திட்டியது மறந்துபோய்ப் புத்தகத்தின் பெயர் மட்டும் மனதில் தங்கிவிடுகிறதாம். அமெரிக்கக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் உங்களுக்குப் பெயர் கிடையாது என்பதால் நீங்கள் லாபக் கணக்கில்தான் வருகிறீர்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு. மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்வார்கள்; அனுப்புவீர்கள்; சில மாதம் கழித்து ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பின் கீழே பெயர், பக்கம், விலை என்று ஒரு வரி வரும். பெரும்பாலான தமிழ்ப் புத்தகங்களின் கதை அத்தோடு முடிந்தது. உங்களைக் கிழித்தவர் குறைந்தபட்சம் உட்கார்ந்து படித்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய நறுக்கைப் பார்த்தேன். நான்காவது கதையில் பேசுகிறவர் பாதியில் மாறிவிடுகிறார் என்று பக்க எண்ணோடு சொல்லியிருக்கிறார். கதையை எடுத்துப் பாருங்கள், அவர் சொல்வது சரி என்றால் திருத்துங்கள். ‘இளைஞருக்கு அனுபவம் போதாது’ என்ற கடைசி வரியை மட்டும் கிழித்துப் போடலாம். அது கதையைப் பற்றியது இல்லை.

விமர்சனத்துக்காக என்றே 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார் சி.சு. செல்லப்பா. அதே மனிதர் புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கறாராகப் பேசியவர்கள் புத்தகத்துக்கு எதிரிகள் என்று நினைத்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பின்னட்டைப் பாராட்டையே நிறுத்திவிட்டனவாமே?
— வாசகர், சாயல்குடி

எல்லாம் இல்லை. அமெரிக்காவின் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்தில் ஒரு முக்கியப் பிரிவு, இனி எழுத்தாளர்கள் பாராட்டு வாங்கி வரத் தேவையில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்காக அலைகிற நேரத்தில் எழுதலாமே என்பது அவர்கள் சொன்ன காரணம். தானாக வருகிற பாராட்டுக்குத் தடையில்லை. நம் பதிப்பகங்களும் செய்யலாம். அந்த இடத்தில் உள்ளேயிருந்து ஒரு பத்தியை எடுத்து அச்சிடட்டும். எழுத்தாளர் பேசட்டும், அவருடைய அண்ணன்மார் பேசியது போதும்.

அக்கா, கடல்பாசி எடுக்கப் போகாத நாளில் நூலகத்துக்குப் போவேன். பத்து நிமிடம்தான் இருக்க முடியும். மதிப்புரை எல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் நல்ல புத்தகத்தை எப்படி எடுப்பது?
— வாசகி, சின்னப்பாலம்

தங்கச்சி, நீங்கள் கடையில் நிற்கவில்லை, நூலகத்தில் நிற்கிறீர்கள். அங்கே உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் மதிப்புரையைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புத்தகத்தை மூடிய நிலையில், தாள்களின் ஓரத்தைப் பாருங்கள். விரல் பட்ட அழுக்கு கடைசி வரை ஒரே சீராக இருந்தால், எடுத்தவர்கள் முடித்திருக்கிறார்கள். முதல் கால்வாசி மட்டும் கருத்து, மிச்சமெல்லாம் வெள்ளையாக இருந்தால், பலரும் அந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று அர்த்தம். எந்தப் பக்கத்தில் நிறம் மாறுகிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆசிரியர் ஏதோ பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். பழைய புத்தகமாக இருந்தால் உள்ளே தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். முத்திரை நிறைய இருப்பது நல்லதுதான், ஆனால் துப்பறியும் கதைக்கும் ராசிபலனுக்கும் எப்போதுமே நிறைய இருக்கும். விட்டு விட்டு, வருடக்கணக்காக யாராவது எடுத்துக்கொண்டே இருக்கும் புத்தகமா என்று பாருங்கள். அப்படிப்பட்டதை நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். கம்பித் தையல் துருப்பிடித்திருப்பதை வைத்து எதையும் ஒதுக்காதீர்கள். நம் உப்புக்காற்றில் எந்தப் புத்தகத்துக்கும் அது நடக்கும்.

இரண்டு புத்தகம் எடுக்க முடிந்தால், ஒன்றை இப்படி எடுங்கள். இன்னொன்றை, சீட்டில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகமாக எடுங்கள். பிடிக்காவிட்டால் மறுமுறை திருப்பிக் கொடுத்துவிடலாம், நூலகத்தில் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். வேண்டிய புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் வாசகர் பரிந்துரைப் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.